மலையூரின் சதுக்கத்துக்கும் பூங்காவுக்கும் வரலாறு எழுதுவது எப்படி? ஊட்டியை வைத்து ஒரு செய்முறை

ஊட்டியின் சேரிங் கிராஸ் சதுக்கத்தில் நிற்கிற ஆடம்ஸ் நீரூற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "ஆங்கிலேயர் காலத்தில் 1886-இல் கட்டப்பட்டது" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரியில் பொய் இல்லை, ஆனால் வரலாறும் இல்லை. சென்னை மாகாண ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடம் 1880 டிசம்பரில் பதவிக்கு வந்து, 1881 மே 24 அன்று ஊட்டியிலேயே இறந்தார். அவர் நினைவாகச் சந்தா வசூலித்து 1886-இல் நீரூற்றை நிறுத்தினார்கள். அப்போது அது இருந்தது ஊருக்குள் வேறோர் இடத்தில். சேரிங் கிராஸுக்கு அது வந்தது 1898-இல். ஒரே பொருளுக்கு மூன்று தேதிகள், இரண்டு இடங்கள். இடம் மாறிய கதையை விட்டுவிட்டால், "1886-இல் சேரிங் கிராஸ் எப்படி இருந்தது" என்று தேடுகிற அடுத்த ஆள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, ஏற்காடு, வால்பாறை என்று கொங்கு நாட்டைச் சுற்றி இருக்கிற எந்த மலையூராக இருந்தாலும் இதே முறை உதவும். நான்கு கேள்விகளை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த நிலம் முன்பு யாருடையது? பணம் யார் கொடுத்தது? தண்ணீர் எங்கிருந்து வந்தது? மண் சுமந்து செடி நட்டது யார்? கட்டியவர் பெயர் எங்கும் கிடைக்கும். இந்த நான்குக்கும் விடை தேடினால்தான் ஒரு சதுக்கம் ஏன் அந்த இடத்தில், அந்த வடிவத்தில் இருக்கிறது என்று புரியும்.

எந்த ஜில்லாவின் ஆவணக் கட்டைத் தேடுவது

நீலகிரியின் பழைய ஆவணங்களைத் தேடப் போகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான். "நீலகிரி மாவட்டம்" என்ற தலைப்பில் தேடி, 1868-க்கு முன் ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். இல்லாமல் இருக்காது, வேறு ஜில்லாவின் கட்டில் இருக்கும். 1799-க்குப் பின் மலை கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1830-இல் மலையின் பெரும்பகுதியை மலபார் ஜில்லாவுக்கு மாற்றினார்கள். 1843-இல் மீண்டும் கோயமுத்தூருக்கு வந்தது. 1868-இல்தான் தனி ஆணையரின் கீழ் பிரிந்தது. முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1882 முதல் கலெக்டர் ஆட்சி. ஆகவே இப்படித் தேடுங்கள்:

1799 முதல் 1830 வரை கோயமுத்தூர் ஜில்லாக் கட்டுகள். 1830 முதல் 1843 வரை மலபார், கோயமுத்தூர் இரண்டும். 1843 முதல் 1868 வரை மறுபடி கோயமுத்தூர். அதற்குப் பின் நீலகிரி. ஏற்காட்டுக்கு சேலம் ஜில்லாக் கட்டு, வால்பாறைக்கு கோயமுத்தூர்.

இடம் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையும், என்ன ஆய்வு என்று சொல்லும் அறிமுகக் கடிதமும் கொண்டு போங்கள். கல்லூரியோ பதிவு பெற்ற சங்கமோ கொடுக்கும் கடிதமாக இருந்தால் நல்லது. அங்கே போய் "ஊட்டி பூங்கா பற்றி ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் நடக்காது. ஆண்டு வாரியான பொருள் அட்டவணையை முதலில் கேளுங்கள். அதில் துறை, எண், தேதி மூன்றையும் குறித்துக்கொண்டு அதன்பிறகு ஆவணம் கேட்கும் சீட்டு எழுதுங்கள். அரசாணை எண் ஒவ்வோர் ஆண்டும், ஒவ்வொரு துறைக்கும் புதிதாக 1-இல் தொடங்கும். "அரசாணை எண் 412" என்று மட்டும் குறித்து வந்தவருக்குக் கையில் ஒன்றும் இல்லை. பிற்கால ஆணைகளில் (நிலை), (வாலாயம்) என்ற அடையாளமும் சேர்ந்து இருக்கும். அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

சதுக்கத்துக்கும் பூங்காவுக்கும் ஒரே துறையில் தாள் இருக்காது. சாலை, விளக்கு, நீரூற்று, கடைவீதி எல்லாம் நகராட்சி தொடர்பான துறையில் இருக்கும் (ஊட்டி, குன்னூர் இரண்டும் 1866-இல் நகராட்சி ஆனவை). பூங்கா அரசுடையதாக இருந்தால் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளில் தேடுங்கள். ஆளுநர் மாளிகையை ஒட்டிய பகுதி என்றால் பொதுத்துறை, பொதுப்பணித்துறைக் கட்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவின் மேல்முனையில் ஆளுநர் மாளிகை இருப்பதால் இந்த மூன்றும் கலந்தே வரும்.

பெயரின் எழுத்துக்கூட்டலும் பழைய தாள்களில் நிலையாக இருக்காது. ஊட்டகமண்ட், உட்டகமண்ட், ஓட்டக்கமண்ட், வோட்டோக்கிமண்ட் என்று எழுதியிருப்பார்கள். மலையின் பெயரை நீல்கெர்ரி, நீலகிரி, நில்கிரி என்று மூன்று விதமாகவாவது எழுதியிருப்பார்கள். அச்சிட்ட அட்டவணையிலும் கணினித் தேடலிலும் அத்தனையையும் போட்டுப் பாருங்கள்.

உள்ளூரில் கிடைப்பதை வாங்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் போதும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு கொடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "ஏன் இடம் மாற்றினீர்கள்" என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள். "சதுக்கத்தின் நடுத்திட்டு தொடர்பாக இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை நகராட்சி மன்றம் நிறைவேற்றிய தீர்மானங்களின் நகல்" என்று கேளுங்கள். பத்து ஆண்டுக்கு ஒரு மனுவாகப் பிரித்துப் போட்டால் "மிக விரிவானது" என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடம் இருக்காது. பூங்காவுக்கு மனு போக வேண்டிய இடம் தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை.

நிலம்: 1819-க்கு முன்னால்

மலையூர் வரலாறுகளில் மிகப் பெரிய ஓட்டை, கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறியதோடு கதை தொடங்குவது. சல்லிவன் ஆளில்லாத காட்டுக்குள் வரவில்லை. ஊட்டி இருக்கும் நிலம் தோடர்களின் மேய்ச்சல் நிலம். 1822-இல் கல் பங்களா கட்டத் தொடங்கியபோது ஏக்கருக்கு 1 ரூபாய் என்ற கணக்கில் அவர்களிடமிருந்து சல்லிவன் நிலம் வாங்கினார் என்பது அந்நாளைய பதிவு. தாவரவியல் பூங்காவின் மேற்சரிவில் தோடர் மந்து (தோடர்களின் குடியிருப்பு) இன்றும் இருக்கிறது. பூங்காவின் வரலாறு அந்த மந்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

இதைச் செய்ய வட்டாட்சியர் அலுவலகத்தின் நகர நில அளவைப் பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வகைப்பாடு இருக்கும்: அரசு புறம்போக்கு, நகராட்சி நிலம், நெடுஞ்சாலை, தனியார். ஒரே சதுக்கத்தில் நடுத்திட்டு ஒருவருக்கும், சுற்றியுள்ள சாலை இன்னொருவருக்கும், ஓரத்துச் சாக்கடை மூன்றாமவருக்கும் சொந்தமாக இருக்கும். எந்தப் பதிவு எந்த அலுவலகத்தில் தூங்குகிறது என்பதை இந்த வகைப்பாடே சொல்லிவிடும். உட்பிரிவு எண்கள் எங்கே உடைந்திருக்கின்றன என்றும் பாருங்கள். ஓர் எண் 1, 2, 3 என்று பிரிந்திருந்தால் அங்கே ஒரு கையகப்படுத்தலோ பரிமாற்றமோ நடந்திருக்கிறது.

பரப்பளவில் கவனம் வேண்டும். 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 1 ஏக்கர் 100 சென்ட். ஊட்டித் தாவரவியல் பூங்கா 22 ஹெக்டேர் என்றும் 55 ஏக்கர் என்றும் இருவிதமாக எழுதப்படுகிறது. இரண்டும் ஒன்றுதான். குன்னூர் சிம்ஸ் பூங்கா 12 ஹெக்டேர், அதாவது 30 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பழைய கொங்குத் தாள்களில் வள்ளம் என்ற அளவு வரும். சுமார் 4 ஏக்கர் என்று கொண்டு, அதே தாளில் ஏக்கர் கணக்கும் இருந்தால் அதை வைத்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

வரைபடங்களில், கேப்டன் ஜான் ஔக்டர்லோனி 1847-இல் செய்த நீலகிரி நில அளவை ஒரு நல்ல தொடக்கக் கோடு. அதையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடும்போது சாலையைப் பார்க்காதீர்கள், ஏரியின் கரையைப் பாருங்கள். சல்லிவன் 1823-இல் வெட்டத் தொடங்கிய ஏரி இன்றைய ரேஸ் கோர்ஸ், பஸ் ஸ்டாண்டு பகுதிவரை பரவியிருந்தது. நீர் பின்வாங்கிய இடத்தில்தான் அந்தப் பகுதியின் தட்டையான நிலம் பிறந்தது. மலையூரில் சமநிலம் அரிது. சதுக்கமோ சந்தையோ மைதானமோ எங்கே சமமாக இருக்கிறதோ, அங்கே முன்பு சதுப்பா, ஏரியா, வெட்டிச் சமன்செய்த சரிவா என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் எங்கே தண்ணீர் கட்டுகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அளந்து வரையுங்கள்

காகிதத்தில் இருப்பதை இடத்தோடு பொருத்த ஒரு வரைபடம் தேவை. இரண்டு பேர், 30 மீட்டர் டேப், திசைகாட்டி, கட்டம் போட்ட தாள் போதும். 1 சென்டிமீட்டருக்கு 2 மீட்டர் என்ற அளவில் வரைந்தால் ஒரு சதுக்கம் பெரிய தாளில் அடங்கும். அசையாத இரண்டு புள்ளிகளை, கட்டட மூலை போன்றவற்றை, தேர்ந்தெடுத்து அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை முதலில் அளங்கள். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும், நீரூற்று, விளக்குத் தூண், மரம் எதுவானாலும், அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் தூரம் எடுங்கள். முக்கோணம் தானாக அமைந்துவிடும். கைபேசியின் ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறக்கூடியது. நீரூற்று இடம் மாறியதா என்ற கேள்விக்கு அந்தத் துல்லியம் பத்தாது.

சரிவில் டேப்பைத் தரையோடு படுக்கப் போட்டால் தூரம் கூடுதலாக வரும். 10 பாகைச் சரிவில் தவறு சுமார் 1.5 சதவீதம், 20 பாகையில் 6 சதவீதம். ஆகவே டேப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, தூக்குக் குண்டு விட்டு, படிப்படியாக அளங்கள். உயர வேறுபாட்டுக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பும். இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நீர்மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

உயரம் எதற்கு என்றால், தண்ணீருக்கு. மோட்டார் இல்லாத காலத்து நீரூற்று மேலே இருக்கிற நீர்த்தேக்கத்தின் அழுத்தத்தில்தான் பீய்ச்சியது. 10 மீட்டர் உயர வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் தரும். குழாயின் உரசலில் ஒரு பகுதி போய்விடும். அதனால் நீரூற்றின் வரலாறும் ஊரின் குடிநீர்த் திட்டத்தின் வரலாறும் பிரிக்க முடியாதவை. ஊட்டியில் தொட்டபெட்டா, மார்லிமந்து நீர்த்தேக்கங்களின் பெயரிலும் தாள்களைத் தேடுங்கள். ஒரு நீரூற்று ஏன் ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போனது, எப்போது வறண்டது, எப்போது மோட்டார் வந்தது என்பதற்கான குறிப்புகள் "நினைவுச் சின்னம்" என்ற தலைப்பில் கிடைக்காமல் "குடிநீர்" என்ற தலைப்பில் கிடைக்கும்.

கல்லையும் இரும்பையும் படிப்பது

தேய்ந்த கல்வெட்டைப் படிக்கச் சாய்வொளி வேண்டும். காலை வெயிலிலோ மாலை 4 மணிக்குப் பிறகோ போங்கள். மூடுபனி நாளென்றால் கைவிளக்கைக் கல்லின் ஓரத்தில், முகப்போடு ஒட்டிப் பிடியுங்கள். இடது, வலது, மேல் என மூன்று பக்கத்திலிருந்தும் ஒளி விழும்படி ஒவ்வொரு படம் எடுங்கள். ஒரு பக்கத்தில் தெரியாத எழுத்து மறுபக்கத்தில் தெரியும். கேமராவை நேர் எதிரே வைத்து, ஓர் அளவுகோலைச் சட்டகத்துக்குள் சேர்த்துவிடுங்கள்.

சாக்பீஸ், மாவு, எண்ணெய், மஞ்சள் எதையும் தேய்க்காதீர்கள். பளிங்கில் அவை ஊறி நிரந்தரக் கறையாகிவிடும். கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். மைப்படி (தாளை எழுத்தின் மேல் ஒற்றி மையால் எடுக்கும் படி) எடுக்க உரியவரின் அனுமதியும் பழகிய கையும் வேண்டும்.

எழுத்துக்குப் புதிதாகக் கறுப்பு வண்ணம் தீட்டியிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. தீட்டியவர் 3-ஐ 8 ஆகவும் 1-ஐ 7 ஆகவும் ஆக்கியிருக்கலாம். வண்ணத்தை நம்பாமல் உளியின் தடத்தைப் பாருங்கள். வார்ப்பு இரும்பு நீரூற்று, பெஞ்சு, விளக்குத் தூண் ஆகியவற்றின் அடிவளையத்தைச் சுற்றி வந்து பாருங்கள். வார்ப்படக் கம்பெனியின் பெயரும் அச்சு எண்ணும் பெரும்பாலும் தரையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கும். பல அடுக்கு பெயின்ட் அதை மூடியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். பெயின்ட் உரிந்த ஓரங்களில் அடுக்குகளின் நிற வரிசையையும் குறித்து வையுங்கள். பழைய வண்ணப் படம் கிடைக்கும்போது அது காலத்தைக் கணிக்க உதவும்.

பெயர் படித்தவுடன் ஆள் யார் என்று முடிவு கட்டாதீர்கள். சென்னை மாகாணத்துக்கு ஆடம் என்ற பெயரில் இரண்டு ஆளுநர்கள் இருந்திருக்கிறார்கள். சர் ஃபிரடெரிக் ஆடம் 1832 முதல் 1837 வரை ஆண்டவர். நீரூற்றுக்கு உரியவர் அவர் இல்லை. அவருடைய அண்ணன் மகன் வில்லியம் பேட்ரிக் ஆடம். சித்தப்பாவின் ஆட்சிக்காலத்தை மகன்முறைக்காரரின் நீரூற்றில் ஏற்றினால் ஐம்பது ஆண்டு தள்ளிப்போகும். குன்னூரிலும் அப்படித்தான். சிம்ஸ் பூங்காவை 1874-இல் தொடங்கியவர் பெயர் ஜே.டி. சிம். கூடவே மேஜர் மர்ரி என்பவரும் இருந்தார். பலகைகளில் இரண்டாமவர் காணாமல் போய்விடுகிறார். நிதியும் அதிகாரமும் ஒருவரிடம், செடியறிவு மற்றொருவரிடம் என்பது பூங்காக்களில் பொதுவாக நடப்பது. இருவரையும் தேடுங்கள்.

மரம் தரும் சாட்சி

மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளப்பது வழக்கம். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தை எடுங்கள். அளவை எழுதி வையுங்கள், ஆனால் அதை வைத்து வயது சொல்லாதீர்கள். தைலமரம் போன்றவை ஈரமும் குளிரும் உள்ள இடத்தில் அசுர வேகத்தில் பருக்கும். ஐம்பது வயது மரம் இருநூறு வயதுபோல நிற்கும்.

வயதைவிட உறுதியானது, அந்த இனம் மலைக்கு வந்த ஆண்டு. தைலமரம் நீலகிரிக்கு 1843-இல் கேப்டன் காட்டன் மூலம் வந்தது. கொயினா மருந்து தரும் சிங்கோனா மரம் 1860-இல் வந்தது. தைலமரம் நிற்கும் ஓர் ஓவியத்துக்கு "1830" என்று தலைப்பிட்டிருந்தால் தலைப்பு தவறு. இது எளிமையான சோதனை, ஆனால் பல தவறுகளைப் பிடித்துவிடும்.

நட்டவர் பெயர்ப்பலகை இருக்கும் மரங்களில், பலகை உண்மையாக இருந்து மரம் மாறியிருக்கலாம். முதலில் நட்டது பட்டுப்போய், அதே குழியில் வேறு கன்று வைத்திருப்பார்கள். பலகையின் ஆண்டையும் மரத்தின் பருமனையும் பக்கத்தில் உள்ள அதே இன மரங்களோடு ஒப்பிட்டால் ஐயம் வரும் இடம் தெரியும். தாவரவியல் பூங்காவின் கல்மரத் தண்டையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அது 2 கோடி ஆண்டுப் பழமை. பூங்காவின் பழமையோடு அதற்குத் தொடர்பில்லை, வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது. காட்சிப்பொருளின் வயதை இடத்தின் வயதாக எழுதிவிடாதீர்கள்.

பணம் யாருடையது

தாவரவியல் பூங்கா அரசாங்கத்தின் பெருந்திட்டமாகத் தொடங்கவில்லை. 1840-களில் ஊட்டியில் குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, காய்கறி பயிரிட்டுப் பங்கிட்டுக்கொண்ட தோட்டம்தான் அதன் முதல் வடிவம். அது சரியாக நடக்கவில்லை. 1847-இல் ஆளுநர் ட்வீடேல் பிரபு காலத்தில் குழு அமைந்து, 1848-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் கிரஹாம் மெக்கைவர் வந்தார். காடும் சதுப்புமாகக் கிடந்த சரிவைத் திருத்த அவருக்குப் பத்து ஆண்டு பிடித்தது. ஆகவே "1848-இல் மெக்கைவர் உருவாக்கினார்" என்ற வரிக்கு முன்னும் ஒரு கதை, பின்னும் ஒரு கதை இருக்கிறது.

சந்தாவால் எழுந்த எதற்கும் வரவுசெலவு அறிக்கை இருக்கும், அது பெரும்பாலும் அந்நாளைய செய்தித்தாளில் அச்சாகியிருக்கும். தொகைகள் ரூபாய், அணா, பை கணக்கில் வரும்: 16 அணா 1 ரூபாய், 12 பை 1 அணா. 1957-இல் நயாபைசா வந்தது. பழைய தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்ற முயல வேண்டாம். அதே ஆண்டின் தோட்டத் தொழிலாளியின் கூலி அந்தத் தாளிலேயே இருந்தால் அதைப் பக்கத்தில் வையுங்கள். வாசகருக்கு அளவு உடனே புரியும். உழைத்தவர்களைப் பற்றிய ஒரே தடயமும் பெரும்பாலும் அந்தக் கூலிப் பட்டியல்தான். ஆளுநர்களுக்குக் கல்வெட்டு உண்டு, மண் சுமந்தவர்களுக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரி மட்டும் உண்டு. அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

தேதியில் விழும் குழிகள்

வருவாய்க் கணக்குகளில் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1300 என்றால் 1890 ஜூலை 1 முதல் 1891 ஜூன் 30 வரை. இதை வெறுமனே "1890" என்று எழுதினால் 1891 மே மாதம் நடந்தது ஓராண்டு முன்னால் போய்விடும்.

கட்டடங்களுக்கு அடிக்கல், அர்ப்பணம், திறப்பு என்று வெவ்வேறு தேதி உண்டு. ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரல் 23 அடிக்கல், 1830 நவம்பரில் அர்ப்பணம், 1831-இல் வழிபாட்டுக்குத் திறப்பு. மூன்று பேர் மூன்று ஆண்டை எழுதியிருந்தால் மூவருமே சரியாக இருக்கலாம். எந்தத் தேதி என்று பெயரிட்டே எழுதுங்கள்.

தொடர் நிகழ்வுகளின் வரிசை எண் ஒரு நல்ல சோதனைக் கருவி. ஊட்டி மலர்க் காட்சி 1896-இல் தொடங்கியது. விடாமல் நடந்திருந்தால் 1995-இல் நூறாவது, அந்த ஆண்டுதான் நூற்றாண்டு ரோஜாப் பூங்காவும் அமைந்தது. அதே கணக்கில் 2019-இல் 124-ஆவது வர வேண்டும். அறிவித்ததோ 123. 2022-இல் நடந்தது 124-ஆவது, ஏனென்றால் 2020, 2021 இரண்டிலும் கொரோனா ஊரடங்கால் காட்சி இல்லை. அப்படியானால் 1995-க்கும் 2019-க்கும் நடுவில் ஓர் எண் விழுந்திருக்கிறது. அந்த இருபத்துச் சொச்சம் ஆண்டுகளின் மே மாதச் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். எங்கே தேட வேண்டும் என்பதை ஒரு சின்னக் கழித்தல் கணக்கு காட்டிக்கொடுக்கிறது.

பழைய படங்களும் பெரியவர்களும்

அஞ்சலட்டைப் படத்துக்குக் காலம் சொல்லத் தபால்தலையைப் பாருங்கள். இந்தியத் தபால்தலையில் ஏழாம் எட்வர்டு தலை 1902 முதல், ஐந்தாம் ஜார்ஜ் 1911 முதல், ஆறாம் ஜார்ஜ் 1937 முதல். இது அட்டை அனுப்பிய காலம்தான், படம் எடுத்தது அதற்குப் பல ஆண்டு முன்னாலும் இருக்கலாம். எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க மலைமுகட்டைப் பயன்படுத்துங்கள். கட்டடம் மாறும், தொட்டபெட்டா, ஸ்னோடன், எல்க் மலைகளின் கோடு மாறாது. படத்தில் முகட்டின் ஒரு பள்ளத்துக்கு நேர் கீழே எந்தக் கட்டட மூலை வருகிறதோ, அந்த இரண்டும் ஒன்றாக வரும்வரை நடந்து போய் நில்லுங்கள். அதுதான் கேமரா இருந்த கோடு. இடப்பக்கமும் வலப்பக்கமும் இப்படி இரண்டு கோடு கிடைத்தால் அவை வெட்டும் இடமே புகைப்படக்காரர் நின்ற இடம். ரயில் ஊட்டிக்கு வந்தது 1908-இல் என்பதால் நிலையம் இருக்கிற படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் தோராயமாக ஏதோ ஓர் ஆண்டு வரும். நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். "இந்தப் பூந்தொட்டியெல்லாம் வெச்சது 78-ல மலை சரிஞ்சதுக்கு முன்னாலீங்களா, பின்னாலீங்களா?" "எம்.ஜி.ஆர். செத்தப்ப இந்தக் கடை இருந்துச்சுங்களா?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். 1967-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியது, 1978 நிலச்சரிவு, 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைவு, 1995 ரோஜாப் பூங்கா, 2009 நவம்பர் நிலச்சரிவு ஆகியவை ஊட்டிக்காரர்களுக்கு நல்ல நினைவுக் கம்பங்கள். பூங்காவில் ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்கள், கமர்ஷியல் ரோட்டின் பழைய கடைக்காரர்கள், ஸ்டுடியோ வைத்திருந்தவர்கள், காந்தலிலும் பழைய ஊட்டியிலும் பல தலைமுறையாக இருப்பவர்கள் ஆகியோரை முதலில் பாருங்கள். இருவரைச் சேர்த்து உட்கார வைத்துக் கேட்டால் ஒருவர் நினைவு மற்றவரைத் திருத்தும். ஆனால் ஒருவரை முதலில் தனியாகக் கேட்டுப் பதிவு செய்துவிட்டுத்தான் சேர்த்து உட்கார வைக்க வேண்டும். குரல் பெரியதாக இருப்பவர் சொன்னதே எல்லோருடைய நினைவாகவும் ஆகிவிடும்.

தோடர் மந்துக்குப் போவதானால் முன்கூட்டியே சொல்லி, பெரியவர்களின் அனுமதியோடு போங்கள். அது அவர்கள் குடியிருக்கும் இடம், கோயிலும் அங்கேயே இருக்கிறது. படம் எடுக்கலாமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை எழுதி முடித்ததும் அவர்களிடமே படித்துக் காட்டுங்கள்.

எழுதும்போது

நான்கு பத்தி கொண்ட அட்டவணை ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, என்ன நடந்தது, எங்கே கண்டது, எவ்வளவு உறுதி. உறுதிக்கு மூன்று நிலை போதும். அந்தக் காலத்துத் தாளே சொல்வது, பிற்காலத்தவர் எழுதியது, வாய்மொழி. சுற்றுலாப் பலகையும் இணையதளமும் இரண்டாம் நிலைக்கு மேல் போகாது. பத்து இணையதளங்கள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது பத்து சாட்சி இல்லை, ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதியது.

அலங்கார அடைமொழிகளை நீக்குங்கள். "ஆங்கிலேயர் கட்டிய பழமை வாய்ந்த கம்பீரமான நீரூற்று" என்பதில் தகவல் இல்லை. இப்படி எழுதலாம்: "ஆளுநர் வில்லியம் பேட்ரிக் ஆடம் 1881 மே 24 அன்று ஊட்டியில் இறந்தார். அவர் நினைவாகச் சந்தா திரட்டி 1886-இல் நிறுத்திய இந்த நீரூற்று, 1898-இல் சேரிங் கிராஸுக்கு இடம் மாறியது." நீளம் அதிகம் இல்லை, ஆனால் யார், எதற்கு, யார் பணம், எப்போது, எங்கே என்று ஐந்தும் வந்துவிட்டன.

சதுக்கத்தில் பலகை வைக்கப் போகிறீர்கள் என்றால் 100 சொற்களுக்குள் அடக்குங்கள். நின்றுகொண்டு யாரும் அதற்கு மேல் படிப்பதில்லை. தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. மலை ஈரத்தில் இரும்புத் தகடு விரைவில் துருப்பிடிக்கும், ஒட்டுத்தாள் இரண்டு மழைக்கு உரிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகில் எழுத்தைப் பொறிப்பதோ கருங்கல்லில் வெட்டுவதோதான் நிற்கும். நீரூற்றின் மீதோ பழைய சுவரின் மீதோ துளை போட்டு மாட்டாமல் தனிக்கால் நட்டு வையுங்கள். அதற்கும் நிலம் யாருடையதோ அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில் பெயரிட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். எழுதி முடித்த பிரதி ஒன்றை ஊர் நூலகத்துக்கும், ஒன்றை நகராட்சிக்கும், ஒன்றைப் பூங்கா அலுவலகத்துக்கும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அட்டவணையையும் பின்னிணைப்பாகச் சேர்த்துக் கொடுங்கள், அடுத்துத் தேடுகிறவர் விட்ட இடத்திலிருந்து தொடர அது வேண்டும்.